எழுத்துப் பொருத்தம்

மாயவரத்தில் எனக்கு ஒரு பழைய நண்பர் உண்டு. ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் மாறி நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. எங்கள் தலைமுறையின் வாய் மட்டும் இன்னும் மாறவில்லை. போன கோடையில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவருடைய பேரன் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்து சேர்ந்தான். ஏழாம் வகுப்பு. லீவு நாளுக்கென்று கொடுத்தனுப்பிய பாடமாம். 'சி, ஏ, டி' என்ற மூன்று எழுத்துக்களில் தொடங்கும் இங்கிலீஷ் வார்த்தைகள் பத்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் பொருள் எழுதவேண்டும்.

பையன் கெட்டிக்காரன். பத்தையும் எழுதி முடித்திருந்தான். கேட் என்றால் பூனை, கேட்ச், பிடி, கேட்டில், மாடு, கேட்டலாக், பட்டியல், கேட்டபல்ட், கவண், கேட்டகரி, வகை, கேட்டராக்ட், கண்புரை, கேட்டஸ்ட்ரபி, பேரழிவு, கேட்டர்பில்லர், கம்பளிப்பூச்சி. பத்தாவது வார்த்தை கேட்டமரான். அதற்கு எதிரே, 'இரண்டு அடிப்பாகம் உள்ள பாய்ப்படகு' என்று எழுதியிருந்தான்.

அப்போது முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்டா, அது நம்ம கட்டுமரம் இல்லே?" என்றாள்.

"இல்லே பாட்டி. படத்தைப் பாரு. இது வெள்ளைக்காரன் படகு" என்றான் பையன்.

படத்தைப் பார்த்தேன். இரண்டு மெல்லிய படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே தளம் போட்டுப் பிணைத்தாற்போல், வெள்ளைப் பாய் விரித்து, ஒரு சொகுசுக் கப்பல் நீலக் கடலில் நின்றுகொண்டிருந்தது. பாட்டி சொன்னதும் சரி. பையன் சொன்னதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாகும் என்று அவனுக்கு விளக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை பிறந்தது. ஆனால் இது பையனுக்கு மட்டும் எழுதியது அல்ல. வேறொருவருக்கு நான் பல வருஷமாகப் பாக்கி வைத்திருக்கும் பதிலும் இதில் இருக்கிறது.

முதலில் அந்தப் பத்து வார்த்தைகளைக் கவனிப்போம். அகராதியில் இவை ஒரே தெருவில் குடியிருக்கின்றன. ஒரே தெருவில் இருப்பதாலேயே ஒன்றுக்கொன்று சொந்தமாகிவிடுமா? சில சொந்தந்தான். கேட்டலாக், கேட்டபல்ட், கேட்டகரி, கேட்டராக்ட், கேட்டஸ்ட்ரபி ஆகிய ஐந்தும் உடன்பிறந்தவை. கிரேக்க மொழியில் 'கட்டா' என்ற ஒரு முன்னொட்டு உண்டு. கீழே, எதிரே, முழுக்க என்றெல்லாம் இடத்துக்கு ஏற்பப் பொருள் தரும். கண்புரைக்கும் பேரழிவுக்கும் அதுவே தாய். கம்பளிப்பூச்சிக்குப் பூனையோடு உறவு உண்டு என்று சொன்னால் பையன் சிரிப்பான்; ஆனால் உண்மை. பழைய பிரெஞ்சில் அந்தப் புழுவை 'மயிர் அடர்ந்த பூனை' என்று அழைத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் கேட்டர்பில்லர் என்கிறார்கள். நமக்கு அதன் உடம்பில் கம்பளி தெரிந்தது; அவர்களுக்குப் பூனை தெரிந்தது. மாட்டைக் குறிக்கும் கேட்டில், மூலதனத்தைக் குறிக்கும் கேப்பிட்டலின் உடன்பிறப்பு. சொத்து என்ற பொருள் சுருங்கி மாடாயிற்று. தமிழிலும் 'மாடு' என்பதற்குச் செல்வம் என்று ஒரு பொருள் உண்டு. திருவள்ளுவரே அப்படி ஆண்டிருக்கிறார். இரண்டு நாட்டுக் குடியானவர்களும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள். அதற்காகக் கேட்டிலும் மாடும் ஒரு வார்த்தை என்று சொல்லிவிட முடியாது.

எழுத்தைப் பார்த்து வார்த்தைகளைக் கூட்டம் சேர்ப்பது நமக்கும் புதிதல்ல. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி முழுவதும் அப்படித்தான் அமைந்தது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்லும் பகுதி அது. சொற்களை எதுகைப்படி, அதாவது இரண்டாவது எழுத்தைக் கொண்டு, வரிசைப்படுத்தியிருக்கிறார் ஆசிரியர். அகமும் முகமும் பகலும் அந்த முறையில் ஒரே பந்தியில் உட்காரத் தகுதி உள்ளவை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இதையெல்லாம் தலைகீழாய் ஒப்பித்தார்கள். ஆனால் ஒன்று. ஒரே பந்தியில் உட்கார்ந்ததால் அகமும் பகலும் பங்காளிகள் என்று எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. எதுகை ஞாபகத்துக்கும் செய்யுளுக்கும் உதவுவது. குலமுறை கிளத்துவதற்கு அல்ல. இந்த விவேகம் நம் முன்னோருக்கு இருந்தது. நமக்குத்தான் நடுவில் கொஞ்சம் தவறிவிட்டது.

மறுநாள் காலை பையனை அழைத்துக்கொண்டு பூம்புகாருக்கு பஸ் ஏறினேன். கேட்டமரானின் பிறந்த வீட்டை அவனுக்குக் காட்டவேண்டும் அல்லவா?

பூம்புகார்க் கடற்கரையில் இப்போது கட்டுமரத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும். 2004-ம் வருஷத்து ஆழிப்பேரலைக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. வெள்ளையும் நீலமுமாக வரிசையாய்க் கிடந்தன. கடைசியில், மணல் மேட்டின் ஓரத்தில் நாலைந்து மரங்கள் தனித்தனியே வெயிலில் காய்வதைப் பார்த்தோம். பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, இது கட்டுமரந்தானே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "கட்டினாத்தான் ஐயா கட்டுமரம். அவுத்துப் போட்டா வெறும் மரம். கடலுக்குப் போயிட்டு வந்தா அவுத்துக் காயப் போடணும். இல்லாட்டி தண்ணி குடிச்சுக் கனத்துப் போயிடும், தம்பி" என்று பிற்பகுதியைப் பையனைப் பார்த்துச் சொன்னார்.

கட்டு, மரம். இரண்டே சொல், அவற்றில் அந்தப் படகைச் செய்யும் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆணி இல்லை, கீல் இல்லை, கயிற்றால் கட்டிய மரம். இந்தச் சொல்லை இங்கிலீஷ்காரர்கள் எப்போது எடுத்துக்கொண்டார்கள்? வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697-ல் வெளியிட்ட தம் உலகப் பிரயாண நூலில் இந்தக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த வார்த்தை பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 1804-ல் பிரான்ஸ் தேசத்து பூலோன் துறைமுகத்தில் நின்ற நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க, வெடிமருந்து அடைத்த பெட்டிகளை நீர்மட்டத்தோடு மிதக்கவிட்டார்கள் இங்கிலீஷ்காரர்கள். அந்த வெடிப்பெட்டிக்கு வைத்த பெயர் கேட்டமரான்! மீன் பிடித்துக் குழந்தை குட்டிகளைக் காப்பாற்றிய மரத்தின் பெயர் மனிதரைக் கொல்லும் பெட்டிக்குப் போய்விட்டது. பிறகு பேச்சு வழக்கில் சண்டைக்காரப் பெண்பிள்ளையைக் 'கேட்டமரான்' என்று ஏசினார்கள். ஏன் தெரியுமா? முதல் மூன்று எழுத்தில் பூனை இருக்கிறதே, அந்தப் பூனையின் நகந்தான் காரணமாயிருக்கும் என்பது பலருடைய ஊகம். எழுத்துப் பொருத்தம் செய்யும் விபரீதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். கடைசியில் 1876-ல் அமெரிக்காவில் நதானியேல் ஹெரஷாஃப் என்ற படகு நிபுணர் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகு ஒன்றைக் கட்டி ஓடவிட்டார். பசிபிக் தீவுவாசிகளுக்கு அந்த வகைப் படகு தொன்றுதொட்டுத் தெரிந்ததுதான். ஆனால் அந்த வகைக்கு நிலைத்த பெயர் தமிழ்ப் பெயர். பையனின் புத்தகத்தில் இருந்த படம் அந்த வம்சத்தைச் சேர்ந்தது. ஆக, பாட்டி சொன்னது சொல். பையன் சொன்னது பொருள்.

இந்த மாதிரிச் சமாசாரங்களை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு புத்தகம். அதன் பெயர் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்'. முதல் பதிப்பு 1886-ல் லண்டனில் வெளிவந்தது; 1903-ல் வில்லியம் குரூக் திருத்திய இரண்டாம் பதிப்பு வந்தது. இந்தியாவிலும் கீழை நாடுகளிலும் இங்கிலீஷ்காரர்களின் பேச்சில் புகுந்த வார்த்தைகளுக்கான அகராதி. பெயரே ஒரு வேடிக்கை. மொகரம் பண்டிகையில் ஹஸன், ஹுஸேன் என்று மாரடித்துப் புலம்பும் குரல், பட்டாளத்துச் சிப்பாயின் காதில் 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்று விழுந்தது. அயல் சொல்லை அடுத்தவன் காது எப்படி வாங்குகிறது என்பதற்கு அடையாளமாக அதையே தலைப்பாக வைத்துவிட்டார்கள்.

ஆசிரியர்கள் இருவர். ஒருவர் கர்னல் ஹென்றி யூல். மற்றவர் ஆர்தர் பர்னெல். இவர் நம் தஞ்சாவூரில் ஜில்லா ஜட்ஜாக இருந்தவர். காலையில் கச்சேரியில் வயல் வரப்பு வழக்குகளைக் கேட்டுவிட்டு, மிச்ச நேரத்தில் அரண்மனையில் இருந்த சமஸ்கிருதச் சுவடிகளையெல்லாம் புரட்டி, 1880-ல் அவற்றுக்கு வகைப்படுத்திய அட்டவணை வெளியிட்டார். சரஸ்வதி மகாலின் சுவடிகளைத் தேடி வந்த மேல்நாட்டு அறிஞர்களுக்கு அது வழிகாட்டியாயிற்று. தென்னிந்திய எழுத்துக்களின் வரலாற்றைப் பற்றியும் 1874-ல் ஒரு நூல் எழுதினார். 1872-லிருந்து இவரும் யூலும் கடிதம் மூலம் வார்த்தைகளைப் பரிமாறிக்கொண்டார்கள். அகராதி அச்சாகி வருவதைப் பார்க்க பர்னெலுக்குக் கொடுத்து வைக்கவில்லை; 1882-ல், நாற்பத்திரண்டு வயதில், காலமாகிவிட்டார். நாலு வருஷம் கழித்து யூல் இருவர் பெயரையும் போட்டுப் புத்தகத்தை வெளியிட்டார்.

அகராதியைப் போய் யாராவது நாவல் படிப்பதுபோல் படிப்பார்களா என்று கேட்காதீர்கள். இதைப் படிக்கலாம். ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டால், எந்த வருஷத்தில் எந்தப் பிரயாணி, எந்த வியாபாரி, எந்தப் பாதிரி அதை எப்படி எழுதினான் என்று வருஷவாரியாக அடுக்கிக்கொண்டு போகிறார்கள். வார்த்தை கப்பல் ஏறுவதும், பல்லுடைந்து வேறு ஊரில் இறங்குவதும், வேஷம் மாறுவதும் நம் கண்ணெதிரே நடக்கின்றன. அதைவிடப் பெரிய குணம் ஒன்று: தெரிந்ததைத் தெரியும் என்றும், சந்தேகத்தைச் சந்தேகம் என்றும் சொல்கிறார்கள்.

அதில் சி எழுத்துப் பக்கங்களைப் புரட்டினால் நம் ஊர் வாசனை அடிக்கிறது. கேட்டமரான் இருக்கிறது. சுருட்டு, 'செரூட்' என்று இருக்கிறது. கஞ்சி, 'காஞ்ஜி' ஆகியிருக்கிறது. பட்டாளத்தில் 'காஞ்ஜி ஹவுஸ்' என்றால் சிப்பாய்களை அடைத்து வைக்கும் சிறை அறை. அங்கே கிடைக்கும் ஆகாரத்தினால் வந்த பெயர். கறி, 'கர்ரி' ஆகியிருக்கிறது. பட்டினப்பாலையில் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்து கிடந்த சரக்குகளைச் சொல்லும்போது, மிளகைக் 'கறி' என்றே சொல்கிறார். அன்று அந்தச் சொல் இங்கே மூட்டையாகக் கிடந்தது. இன்று அதே ஓசையுள்ள சொல் லண்டன் ஹோட்டல்களில் தட்டில் வருகிறது. நம் சோழமண்டலம் 'கோரமாண்டல்' ஆயிற்று. அந்தப் பெயர் தாங்கிய கப்பல் ஒன்று 1820-ல் நியூஸிலாந்துக்குப் போய் மரம் ஏற்றப் போக, அங்கே ஒரு தீபகற்பத்துக்கே கோரமாண்டல் என்று பெயர் நிலைத்துவிட்டது. கங்கையும் கடாரமும் கொண்ட சோழன்கூட அவ்வளவு தூரம் போகவில்லை!

இதையெல்லாம் படித்தால் ஒரு தமிழனுக்குத் தலை கொஞ்சம் கனக்கத்தான் கனக்கும். எனக்கும் கனத்தது. இனி என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் காவிரிக்கரை ஊர் ஒன்றில் இலக்கியக் கூட்டம். 'உலகுக்குத் தமிழ் தந்த சொற்கள்' என்று தலைப்பு. நான் எழுந்து சி எழுத்தில் ஆரம்பித்தேன். கேட்டமரான் கட்டுமரம் என்றேன், கைதட்டல். கர்ரி கறி என்றேன், கைதட்டல். உற்சாகம் மேலிட்டுவிட்டது. கேஷ் என்பது நம் காசு என்றேன். ரைஸ் நம் அரிசி என்றேன். தஞ்சாவூர் ஜில்லாவில் நின்றுகொண்டு, உலகத்துக்கு அரிசியின் பெயரைக் கொடுத்தவர்கள் நாம் என்று சொன்னால் கொட்டகை என்ன ஆகும் என்று சொல்லவேண்டுமா?

இரண்டும் நான் ஹாப்ஸன்-ஜாப்ஸனைப் படித்த பிறகு பேசியவை என்பதுதான் வெட்கம். அந்தப் புத்தகம் இந்த இரண்டு விஷயத்திலும் என்னைவிட யோக்கியமாக நடந்துகொண்டிருக்கிறது. கேஷ் என்ற எழுத்தில் இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன என்கிறது. கையிலுள்ள ரொக்கத்தைக் குறிப்பது பணப்பெட்டி என்று பொருள்படும் இத்தாலிய, பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சின்னச் செப்பு நாணயத்தைக் குறிக்கும் மற்றொரு கேஷ்தான் நம் காசு. சென்னையில் 1818 வரை 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு நடந்தது. போர்த்துகீசியர் வாயில் ஏறி, இங்கிலீஷ்காரர் வாயில் இறங்கி, அந்தக் காசு சீன தேசத்துச் சதுர ஓட்டை நாணயத்துக்குப் பெயராகிவிட்டது. பாருங்கள்! உண்மைக் கதை என் பொய்க் கதையைவிட எவ்வளவு ரஸமானது! அதை விட்டுவிட்டு எழுத்து ஒத்துப்போகிறது என்று அடுத்த வீட்டுப் பெட்டியில் கை வைத்தேன்.

அரிசி விஷயமும் அப்படித்தான். கிரேக்கர்கள் நெல்லரிசியை 'ஒருஸா' என்றார்கள். அதிலிருந்து ரைஸ் வந்தது. கிரேக்கச் சொல் அரிசியிலிருந்து வந்திருக்கலாம் என்று கால்டுவெல் போன்ற பெரியவர்களே எண்ணியதுண்டு. ஹாப்ஸன்-ஜாப்ஸன் அதை ஒரு சபலமாகவே குறிப்பிட்டு, சமஸ்கிருத, பாரசீக வழிகளையும் எடுத்துக் காட்டுகிறது. மொழிநூலார் பலர் ஈரானிய மொழிகளின் வழியே வந்ததென்ற பக்கமே இன்று சாய்கிறார்கள். புகார்த் துறையில் யவனர் வந்து இறங்கினார்கள். கீழையூரில் தொல்பொருள் துறையினர் 1960-களில் தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறையில் மரத்தூண்களின் அடிப்பாகம்கூடக் கிடைத்தது. வியாபாரம் நடந்தது உண்மை. ஆனால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனதையெல்லாம் நாமாகக் கற்பனை செய்துகொண்டால், அது சரித்திரம் ஆகாது.

கூட்டத்துக்குத் திரும்புவோம். நான் சி எழுத்தை முடிக்கும்போது 'கூலி' என்ற வார்த்தையை மட்டும் வேகமாகத் தாண்டிவிட்டேன். அதற்குக் குஜராத்துக் கோலி இனத்தின் பெயர் ஒரு வழி, நம் கூலி ஒரு வழி என்று அகராதி இரண்டையும் சொல்கிறது. தமிழில் கூலி கௌரவமான சொல். பாடுபட்டதற்குப் பெறும் ஊதியம். இங்கிலீஷில் ஊதியம் மறைந்து, அதை வாங்கும் மனிதனே கூலியாகிவிட்டான். இலங்கைத் தோட்டத்திலும் நேட்டால் கரும்புக் காட்டிலும் நம் ஜனங்களின் முகத்தில் எறிந்த வசவு அது. கைதட்டலுக்கு நடுவே அதை எங்கே சொல்வது!

உட்காரப் போனேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்று பிறகு தெரிந்தது. மிகவும் மரியாதையாகவே கேட்டார்.

"ஸார், ரொம்ப சந்தோஷம். சி எழுத்தோட நிறுத்திட்டீங்களே. பி எழுத்துக்கு வரலையா?"

எனக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்தில் பலருக்கும் புரிந்துவிட்டது. பி எழுத்தில் 'பந்தல்' இருக்கிறது, 'பாளையக்காரர்' இருக்கிறது. அவர் கேட்டது அவற்றை அல்ல. தமிழ்நாட்டிலிருந்து போய் உலகத்தின் பல மொழிகளில் ஏறிய ஒரு சொல்லை: 'பரையா'. நான் நேரமாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். தலைவரும் நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பெரியவரும் உட்கார்ந்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்களுடையது அல்லாத கேஷுக்கு மேடையில் நின்று உரிமை கொண்டாடினேன். எங்களுடையதே என்று ஒருவரும் மறுக்க முடியாத சொல்லுக்கு என் கை எழவில்லை.

அந்தச் சொல்லை ஹாப்ஸன்-ஜாப்ஸன் எப்படிச் சொல்கிறது என்று பிறகு நிதானமாகப் படித்தேன். பறை என்ற கொட்டிலிருந்து வந்த பெயர் அது என்கிறது. தமிழ்நாட்டு ஜனங்களில் பெருந்தொகையான ஒரு சமூகத்தின் பெயரை, 'சாதியிலிருந்து தள்ளப்பட்டவன்' என்ற பொதுப் பொருளில் ஐரோப்பியர் வழங்குவது பிழை என்றும் எடுத்துக் காட்டுகிறது. ஆனால் பிழை அதற்குள் உலகம் சுற்றிவிட்டது. 1791-ல் பிரெஞ்சு நாவலாசிரியர் பெர்னார்தென் த ஸேன் பியேர் எழுதிய 'இந்தியக் குடிசை' என்ற சிறு கதையில், உலகமெல்லாம் உண்மையைத் தேடி அலையும் இங்கிலீஷ் பண்டிதர் ஒருவர் கடைசியில் அதை ஒரு பரையாவின் குடிசையில் கண்டடைகிறார். கதை ஐரோப்பாவில் பரவியது, சொல்லும் பரவியது. ஆனால் குடிசையில் இருந்த ஞானம் கதையோடு தங்கிவிட்டது. ஒதுக்கப்பட்டவன் என்ற பொருள் மட்டும் சொல்லோடு போயிற்று. இன்று ஏதாவது ஒரு நாட்டோடு மற்ற நாடுகள் சேரமாட்டோம் என்றால், அதை 'பரையா' நாடு என்று இங்கிலீஷ் பத்திரிகைகள் எழுதுகின்றன. எழுதுகிறவனுக்கு அதில் ஒரு பறையின் ஓசை இருப்பது தெரியாது. ஒரு ஜனத்தொகையின் பெயர் இருப்பதும் தெரியாது.

கட்டுமரத்தின் பொருளை இங்கிலீஷ்காரன் மாற்றினான் என்று நாம் வேடிக்கையாகச் சொல்லலாம். இந்தச் சொல்லின் பொருளை அவன் மட்டும் மாற்றவில்லை. ஒதுக்கி வைத்தவர்கள் நாம். அவன் ஊருக்கு வெளியே சேரியைப் பார்த்தான். பார்த்ததைத் தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு போனான். அவனுடைய இலக்கணப் பிழையை நாம் சுட்டிக்காட்டலாம். நம் பிழையை அவன் அகராதியில் சுமத்திவிட முடியாது. 1950-ல் அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. அகராதிகளில் அந்தச் சொல் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, சாட்சிக்கூண்டில் நிற்பவன் போல.

ஆனால் நான் கை தூக்கத் தயங்கிய இடத்தில், எனக்கு வெகு காலம் முன்பே ஒருவர் கை தூக்கியிருக்கிறார். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. பின்னால் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போனவர் அவர். பத்திரிகைக்கு அழகான பெயர்கள் எத்தனையோ இருந்தன. பெயரை ஒளித்தால் உரிமையும் ஒளிந்துபோகும் என்று அந்த மனிதர் உணர்ந்திருக்கவேண்டும். யாரைத் தாழ்த்த அந்தச் சொல்லை எறிந்தார்களோ, அவர்களில் ஒருவர் அதைக் கையில் ஏந்திப் பத்திரிகையின் நெற்றியில் பொறித்தார். ஹாப்ஸன்-ஜாப்ஸனின் முதல் பதிப்பு வந்து ஏழு வருஷந்தான் ஆகியிருந்தது. சொல்லின் உண்மையான சொந்தக்காரர் அதைப் பற்றி என்ன நினைத்தார் என்பதைச் சேர்த்துக்கொள்ள அந்த அகராதியில் இடம் இல்லை.

அந்தப் புத்தகத்தின் குறையும் இங்கேதான் இருக்கிறது. அது கச்சேரியிலும் கூடாரத்திலும் சமையல்கட்டு வாசலிலும் பொறுக்கிய தமிழ். எஜமானுக்கு வேண்டியிருந்த தமிழ். கஞ்சி போயிற்று, சுருட்டு போயிற்று, கூலி போயிற்று. சுவடி அட்டவணை போட்ட பர்னெல் உள்பட, நாவலாசிரியனுக்கு வேண்டிய 'அகம்' என்ற சொல்லை யாரும் அந்த மூட்டையில் கட்டவில்லை. 1967-ல் ஏ. கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை இங்கிலீஷில் ஆக்கி வெளியிட்ட பிறகுதான் 'அகம்' என்ற சொல்லை அந்த மொழியின் கவிதை ரஸிகர்கள் பரவலாகக் கேட்டார்கள். எந்தச் சொல் கடல் கடந்தது என்பதைப் பார்த்தால், கொடுத்தவனின் பெருமை தெரிவதில்லை. வாங்க வந்தவனுக்கு என்ன தேவைப்பட்டது என்பதுதான் தெரிகிறது. இதைப் புரிந்துகொண்டால் ஹாப்ஸன்-ஜாப்ஸன் உயர்ந்த நூல். புரிந்துகொள்ளாமல் படித்தால், என்னைப்போல் மேடையில் உளறத்தான் அது உதவும்.

பூம்புகாரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் பையன் கேட்டான்: "தாத்தா, அப்போ கேட்டமரானுக்கு நான் என்னதான் எழுதறது?"

"நீ எழுதினதை அடிக்காதே. அதுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்துக்கோ" என்றேன்.

சாயங்காலம் நோட்டைக் காட்டினான். 'இரண்டு அடிப்பாகம் உள்ள பாய்ப்படகு' என்பதற்குக் கீழே, 'இது தமிழ் வார்த்தை. கட்டினால்தான் கட்டுமரம். பூம்புகாரில் பார்த்தேன்' என்று எழுதியிருந்தான். நான் மேடையில் ஒரு மணி நேரம் பேசியதைவிட இது நல்ல சொல்லாராய்ச்சி. சொல் எங்கிருந்து வந்தது, இப்போது என்ன பொருள், அதைத் தான் எங்கே பார்த்தான் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இல்லாத ஒன்றையும் அது சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தத் தலைமையாசிரியருக்கும் நான் இதைத்தான் சொல்லியிருக்கவேண்டும். ஆமாம் ஐயா, பி எழுத்திலும் நம் சொல் ஒன்று இருக்கிறது, அது நம்முடையதுதான், அதன் பழி நம்முடையது, அதைத் தலை நிமிர்ந்து ஏந்தியவரும் நம்மவர்தான். சொல்ல ஒரு நிமிஷம் போதும். நேரமாகிவிட்டது என்று நான் அன்று சொன்னது பொய்.